எண் இடாத கேள்வி

நெய்வேலி,
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு.

அன்பு மகள் மணிமொழிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் இந்தக் கூற்றில் அடங்காது, படியேறும்போது பிடித்துக்கொள்கிறது. பார்படாஸில் நீயும் உன் உடலும் உன் உறக்கமும் குறைவின்றி இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். உறக்கத்தைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உன் கம்பெனி இருக்கும் ஆம்ஸ்டர்டாமில் காலை ஒன்பது ஆகும்போது உன் தீவில் விடியற்காலை மூன்று என்று போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னதை, அம்மா அப்படியே அடுத்த வீட்டு ஜானகியம்மாளிடம் சொல்லிவிட்டாள். அவர் விடுவாரா, "மைன்ஸ்ல கூட ஷிஃப்ட்ட மாத்தி மாத்தித்தான் போடுவாங்க, உம் பொண்ணுக்கு என்னாடி வருசம் பூரா நைட் ஷிஃப்ட்டா, யூனியன் கீனியன் ஒண்ணும் கெடையாதா அந்த ஊர்ல" என்று கேட்டாராம். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இங்கே பகல் பன்னிரண்டரை ஆனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பொண்ணு இப்பதான் கண்ண கசக்கிகினு உக்காந்திருக்கும்" என்கிறாள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்குவதில்லை.

இவற்றைப் போனில் சொல்ல எனக்கு வருவதில்லை. உன் குரல் கேட்டதும், அங்கே மழையா, புயல் எச்சரிக்கை ஏதேனும் உண்டா, பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். மூலப்பிரதி ஸ்பீடு போஸ்ட்டில் வரும். நகலை அம்மா இன்றே படம் எடுத்து அனுப்பிவிடுவாள். முதலில் நீ கேட்டது. அந்த ஊரில் இன்னும் ஓராண்டு தங்கி வேலை செய்வதற்கான புதுப்பித்தல் படிவத்தை இரண்டு முறை வாசித்துவிட்டேன். மூன்று இடங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன், இரண்டு அற்பமானவை. மூன்றாவது, "நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் நீ நம் குவார்ட்டர்ஸ் முகவரியை எழுதியிருப்பது. ஏப்ரலில் நான் ஓய்வு பெற்றதை அடுத்து இந்த வீட்டை அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் இந்த முகவரி நமக்கு உரியதன்று. உன் அனுமதி செப்டம்பர் பதினான்கோடு முடிகிறது என்பதால் நாட்கள் அதிகம் இல்லை. ஆயினும் அந்தக் கட்டத்தை, இக்கடிதத்தை முழுவதும் படிக்கும்வரை, காலியாகவே வைத்திரு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நம் நடராஜர் கோயிலில் குறையை எழுதி மனுவாகப் பெட்டியில் போட்டு மணியடிக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முன் நீயே எனக்குத் தெரியாமல் ஒன்று போட்டவள்தான். போன செவ்வாய்க்கிழமை அம்மா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன் வைத்து, "முப்பது வருசமா லா டிபார்ட்மென்ட்ல ஆபீசுக்கு மனு, பதில் மனுன்னு எழுதிகினே இருந்தீங்க, பெத்த பொண்ணுக்கு ஒண்ணு எழுதக் கூடாதா? நல்லா சட்டமா எழுதுங்க, சாமி தள்ளுபடி பண்ண முடியாத மாதிரி" என்றாள். கேலி பாதி, மீதி கேலி இல்லை. நானும் மறுக்கவில்லை. மனுதாரர் பெயர், வயது, முகவரி எழுதினேன். பிறகு விவரங்கள். மனுதாரருக்கு ஒரே மகள் என்பது முதல் பத்தி. அவள் அயல்நாட்டுக் கம்பெனியில் பணிபுரிகிறாள் என்பது இரண்டாவது. கம்பெனி தன் அலுவலகத்தையே காலி செய்துவிட்டு, சட்டம் அனுமதிக்கும் எந்த நாட்டிலிருந்தும் வேலை செய்யலாம் என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தது என்பது மூன்றாவது. நான்காவதாக, அப்படியிருந்தும் அவள் ஏன் தெரிந்தவர் யாருமே இல்லாத ஒரு தீவுக்குப் போனாள் என்பதை எழுத வேண்டும். காரணம் சொல்லாத மனு நிற்காது. தேதியைச் சரிபார்ப்பதற்காக உன் பெயரிட்ட கோப்பை எடுத்தேன்.

அதில் 2024 ஜூன் பதினொன்றாம் தேதி நீ எனக்கு அனுப்பிய மின்னஞ்சலும் அதற்கு நான் எழுதிய பதிலும் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன. நீ ஏழு கேள்விகளை எண்ணிட்டுக் கேட்டிருந்தாய். இந்தியாவிலிருந்தே அந்தக் கம்பெனிக்கு வேலை செய்தால் என்ன ஆகும் என்பதுதான் ஏழிலும் சாரம். நான் நான்கு பக்கத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். வரி, வைப்பு நிதி, கம்பெனிக்கு இங்கே கிளை இல்லாமை, பின்னால் யாராவது நோட்டீஸ் அனுப்பினால் யார் பொறுப்பு என்று எல்லாம் இருக்கிறது. முடிவில், "ஐயத்துக்கு இடமின்றி அனுமதி தரும் வேறொரு நாட்டைத் தேர்வதே பாதுகாப்பு, இந்தியாவைத் தவிர்ப்பது நலம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வீட்டில் பெற்ற மகளுக்கு அனுப்பிய தாளில் பதவிப் பெயரோடு கையெழுத்துப் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதில் பிழை இல்லை, மணிமொழி. இன்று வாசித்தாலும் ஒரு வரியை மாற்ற மாட்டேன். ஆனால் உன் ஏழாவது கேள்விக்குக் கீழே எண் இடாமல் ஒரு வரி இருந்தது. "இது கேள்வி இல்லப்பா, சும்மாதான். மாமரத்துப் பக்கத்து ரூம் ஜன்னல்கிட்ட என் மேசை போட எடம் இருக்குமா?" அதற்கு நேராக ஓரத்தில் என் பென்சில் எழுத்து இருக்கிறது: "சட்டக் கேள்வி அன்று."

நீ கேட்டது அது ஒன்றைத்தான் என்பது பதினான்கு மாதம் கழித்து விளங்கிற்று. மற்ற ஏழும் அதைக் கேட்பதற்காக நீ எடுத்துக்கொண்ட துணிச்சல். அதற்குப் பதில் இல்லாததால் அதையே மறுப்பாக எடுத்துக்கொண்டு, செப்டம்பரில் இரண்டு பெட்டியோடு கடல் தாண்டிப் போய்விட்டாய். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அங்கே விளையும் சீமைப்பலாவைப் படமெடுத்து அனுப்பி, பார்த்தால் பண்ருட்டிப் பலா, தின்றால் உருளைக்கிழங்கு என்று எழுதி எங்களைச் சிரிக்க வைத்தாய். மனுவை அதற்குமேல் எழுத முடியவில்லை. மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே ஆளாக இருக்கும் வழக்கை எந்தச் சந்நிதியிலும் ஏற்க மாட்டார்கள். கிழித்துவிட்டேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மிச்சத் தாளில் தானே இரண்டு வரி எழுதி மடித்தாள். என்ன என்று கேட்டேன். "எங்க வூட்டுக்காரருக்கு வாயத் தொறந்து புள்ளைய வான்னு கூப்பிடற புத்தியக் குடு சாமின்னு எழுதியிருக்கேன், போதுமா" என்றாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் போட்டாள். அந்தக் காலோடு படியேறி மணியையும் தானே அடித்தாள், என்னை அடிக்க விடவில்லை.

நேற்றுக் கடலூருக்குப் போய் ஆடிட்டர் குஞ்சிதபாதத்தைப் பார்த்தேன். கம்பெனி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால், நீ ஊழியர் என்ற நிலையை விட்டு ஆலோசகராக ஒப்பந்தம் செய்துகொண்டு, இங்கிருந்தபடி உன் வரியை நீயே செலுத்தலாம் என்கிறார். அத்தோடு நிறுத்தாமல், "இதைத்தான் சார் போன வருசமே போன்ல சொன்னேன், நீங்கதான் ரிஸ்க்கு ரிஸ்க்குன்னு வெச்சுட்டீங்க" என்றும் சொன்னார். உண்மை. என் நான்கு பக்கத்தில் அந்த வழி ஒரு துணைப்பத்தியாக, "பரிந்துரைக்கப்படவில்லை" என்ற குறிப்போடு இருக்கிறது. நிரந்தர வேலைக்கு உள்ள பாதுகாப்பு அதில் குறையும். விடுப்பு, காப்பீடு முதலியவற்றை நீ அவர்களிடம் பேசித்தான் பெற வேண்டும். அதை மறைக்க மாட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உன் கம்பெனியின் காலை ஒன்பது மணி, நெய்வேலியில் பகல் பன்னிரண்டரை. தூங்கி எழுந்து, குளித்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். இந்தக் கணக்கை அன்று நான் போட்டே பார்க்கவில்லை.

இந்திரா நகரில் ஒரு வீடு பார்த்து முடித்திருக்கிறேன், செப்டம்பரில் குடிபோகிறோம். நீ கேட்ட அறையை இனி உனக்குத் தர முடியாது. அக்டோபருக்குப் பிறகு மாமரத்தை வேறு யாருடைய பிள்ளையோ பார்த்துக்கொள்ளும். அந்த இழப்புக்கு என்னிடம் பரிகாரம் இல்லை. புது வீட்டு மாடியில் கிழக்குப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது. அந்த ஜன்னலிலிருந்து மரம் தெரியாது, தண்ணீர்த் தொட்டியும் தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரியும். எலெக்ட்ரீசியன் மருதமுத்துவை வரவழைத்து, ஜன்னலுக்குக் கீழே நான்கு பிளக் பாயிண்ட் வைக்கச் சொன்னேன். "இங்க எதுக்கு சார் நாலு, ஆள் யாரும் இல்லியே" என்றான். இருக்கட்டும் என்றேன்.

வா என்று கட்டளையிடும் உரிமை எனக்கு இல்லை. அந்தக் கடலும் வெளிச்சமும் உனக்குப் பிடித்துப்போயிருந்தால் படிவத்தை என் திருத்தங்களோடு தாராளமாக அனுப்பு, ஒரு குறையும் இல்லாமல் ஏற்பார்கள். ஆனால் என் 2024 ஜூன் கருத்துரையை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். எண் இடாத கேள்விக்கு என் பதில்: இடம் இருக்கிறது. அன்றும் இருந்தது.

புயல் மாதங்கள் இவை. தண்ணீரும் டார்ச்சும் கைக்கெட்டும் இடத்தில் வை. வேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நல்ல உடலும் நிம்மதியான தூக்கமும் உனக்கு அமைய அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். ஜன்னலின் அகலத்தை அளந்துவிட்டேன், நாலரை அடி. உன் மேசையின் நீளம் எவ்வளவு என்று எழுது. வருவதாக இல்லாவிட்டாலும் எழுது.

என்றும் உன் அப்பா,
சு. சிங்காரவேல்

இணைப்பு: புதுப்பித்தல் படிவம், திருத்தங்களுடன். நிரந்தர முகவரிக் கட்டத்தில் இந்திரா நகர் முகவரியைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். படிவத்தை அனுப்புவதானாலும் இல்லாவிட்டாலும், அது உன் முகவரி.