நீ நிறுத்திய இடம்

கண்ணு,

இன்று காலை உன் ஹெட்போனைத் துடைக்க எடுத்தேன். பஞ்சில் இன்னும் தைலம் மணக்கிறது. காய்ச்சல் தொடங்கிய அன்று நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டு, அதையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாயே, அந்த வாசனை. துடைக்காமல் வைத்துவிட்டேன். பக்கத்தில் உன் ரேடியோ, கேசட் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது.

என் பேத்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று நம் டத்தோ கிராமாட் வட்டாரம் பூராவும் கேட்பார்கள். "பேப்பர்ல பாட்டைப் பத்தி எழுதுறா" என்பேன். எந்த ஆபீஸ் என்று அடுத்த கேள்வி வரும். ஆபீஸும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஆனால் இங்கிலீஷ் பேப்பரில் உன் பெயர் வருமே! ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் உன் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டத் தெரியும். மீன்காரர் மீன் சுற்ற எடுத்த தாளில் அதைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டு, மீனை வெறுங்கையில் தூக்கி வந்தவள் நான்.

"இண்டி பாட்டுன்னு எழுதுறியே, அப்படின்னா என்னாடி?"

"பெரிய கம்பெனி இல்லாம அவங்களே பதிவு பண்ணி விக்கிறது, பாட்டி."

"நம்ம வீட்டு மசாலாத்தூள் மாதிரி. அப்போ எமோ பாட்டு?"

"மனசு உடைஞ்சு கத்துறது."

"ஒப்பாரின்னு சொல்லேன்."

"ஒப்பாரியேதான். ஆனா கித்தார் இருக்கு லா!"

எழுதச் சொல்லிப் பாடகர்கள் அனுப்பும் எந்தக் கேசட்டையும் மூன்று தடவை கேட்காமல் நீ பேனாவைத் தொட்டதில்லை. "திட்டுறதா இருந்தாலும் மூணு தடவை கேட்டுட்டுத்தான் திட்டணும்" என்பாய். கடைசியாக வந்ததை இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருந்தபோது பாதியில் பொத்தானை அழுத்தினாய். "தலை வெடிக்குது பாட்டி. மிச்சத்தை நாளைக்குக் கேக்குறேன்." அந்த நாளை ஆஸ்பத்திரியில் விடிந்தது. டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரம்கூட உன்னை எனக்கு விட்டுவைக்கவில்லை.

அதன்பிறகு அந்த ரேடியோவை யாரையும் தொடவிடவில்லை. உன் விரல் நிறுத்திய இடத்திலேயே நாடா நின்றது. அந்த இடம் உள்ளவரை நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாய், அவ்வளவுதான்.

நேற்று சுமதி வந்தாள். அந்தக் கேசட்டில் பாடியிருப்பவள், அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வந்திருந்தாள். "அக்கா எழுதுவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். புடிக்கலைன்னா பரவால்ல பாட்டி, கேசட்டை மட்டும் குடுங்க. எங்ககிட்ட இருந்த நல்ல பதிவு அது ஒண்ணுதான்." நீ போனது அவளுக்குத் தெரியாது. சொன்னேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொடுத்தால் உன் இடம் போய்விடும். கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணின் பாட்டு என் வீட்டில் அடைபட்டுக் கிடக்கும். என்ன செய்யட்டும் சொல்லடி என்று உன் படத்திடம் கேட்டேன். சுவரில் சிரித்துக்கொண்டே இருந்தாய்.

"மிச்சத்தைக் கேட்டுட்டுத் தரேம்மா" என்று ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். சுமதியின் குரல் வீறிட்டது. ஐயோ, உன் இடம் நகர்கிறதே என்று உடனே நிறுத்தினேன். திருப்பி ஓட்டினேன். எங்கே நிறுத்தியிருந்தாய்? முன்னே போனேன், பின்னே வந்தேன். எல்லா இடமும் ஒரே கதறல். உன் இடத்தை என் கையாலேயே தொலைத்துவிட்டேன், கண்ணு.

"இதையே இன்னொரு கேசட்டுல காப்பி எடுத்துக் கொண்டாறேன் பாட்டி, அழாதீங்க" என்று சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பி முதலிலிருந்து ஓடும். அது எனக்கு எதற்கு?

கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். போகும்போது தயங்கி நின்றாள். "அக்காவுக்குப் புடிச்சிருந்துச்சா?"

மூன்றாம் தடவை கேட்காமல் நீயே சொல்ல மாட்டாய். நான் எப்படிச் சொல்வேன்? "பாதியில நிறுத்திட்டாம்மா. நல்லா இல்லைன்னு நிறுத்தல. நாளைக்குக் கேக்கலாம்னுதான் நிறுத்தினா" என்றேன். அவள் கேசட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் காலி ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தைலம் மணக்கிறது. நாளைக்கு என்றாயே, அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். எந்த நாளைக்கு, கண்ணு?

உன் பாட்டி