டேனி வந்து சேர்ந்த வீடு

ஏப்ரல் 11, சனி

ஈஸ்டர் விடுமுறை முடியும்வரை நடப்பதையெல்லாம் உள்ளபடி எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தராததையும்.

எங்கள் குடும்பம் நடத்தும் விடுதியில் கடல் பார்த்த அறைக்கு அமெரிக்காவிலிருந்து மிஸ் வெர்னா ஹாரிங்டன் வந்திருக்கிறார். எழுபது வயது. அவர் தாத்தா கான் ஹாரிங்டன் இங்கே பிறந்து மொன்டானா செப்புச் சுரங்கத்துக்குப் போனவர். அந்த வீடு எது என்று தெரியவேண்டுமாம். பெட்டியில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறார். அதில் இறந்துபோன தன் தம்பி டேனியின் சாம்பல். தாத்தா வீட்டு அடுப்படியில் சேர்ப்பதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்த ஊரில் கல்லெறிந்தால் ஏதாவதொரு ஹாரிங்டன் தலையில்தான் விழும் என்றார் அப்பா.

ஏப்ரல் 13, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! பாதிரியார் வீட்டு ஞானஸ்நானப் பதிவேட்டில், 1868: கான் ஹாரிங்டன், கடல்முனை வீடு. இப்போது கூரையில்லை, சுவர்கள்தான். மிஸ் ஹாரிங்டன் அடுப்புக் கல்லில் கைவைத்து வெகுநேரம் நின்றார். அடுத்த திங்கள் டேனியைக் கொண்டுவருவாராம். பதிவேட்டைப் படித்துக் கண்டுபிடித்ததால் என்னை ஈட்டா என்று கூப்பிடாமல் "டீச்சரம்மா" என்று கூப்பிடுகிறார்.

ஏப்ரல் 16, வியாழன்

பாதிரியாருக்கு முட்டை கொண்டுபோனேன். என் கண்டுபிடிப்பை இன்னொரு முறை பார்க்கும் ஆசையில் பதிவேட்டைத் திறந்தேன். ஓரத்தில் பென்சிலில், மங்கலாக: நான்கு வயதில் காய்ச்சலில் இறந்தான்.

இறந்தவன் எப்படி அமெரிக்கா போவான்?

பக்கத்தைத் திருப்பினேன். அதே ஆண்டு, இன்னொரு கான் ஹாரிங்டன். பாலத்தடி வீடு.

பாலத்தடி வீடுதான் இப்போது எங்கள் கன்றுக் கொட்டில்.

ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம் திருப்பியிருந்தால் –

ஏப்ரல் 17, புனித வெள்ளி

வீட்டில் சொன்னேன்.

"அந்தம்மா நிம்மதியா இருக்காங்க. சாணி நாத்தத்துல கொண்டுபோய் நிறுத்தப் போறியா?" என்றாள் அம்மா.

அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "இன்னைக்கு அடுப்பைக் காட்டுவே. நாளைக்கு வக்கீலோட வந்து வயலைக் கேப்பா" என்றார்.

ஏப்ரல் 18, சனி

சொல்லவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. மிஸ் ஹாரிங்டன் எனக்கு ஒரு பேனா பரிசளித்தார். இதை அந்தப் பேனாவால் எழுதவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

கடல்முனையில் பேய்க்காற்று. "மிஸ் ஹாரிங்டன்" என்று ஆரம்பித்தேன். "இரு டீச்சரம்மா, முதல்ல இவனை இறக்கி வெச்சுடறேன்" என்று டின்னைக் கவிழ்த்தார். பாதி அடுப்பில் விழுந்தது, பாதி கடலுக்குப் போனது.

அதன் பிறகு, காரில் உட்கார்ந்துதான் சொன்னேன். கோழை.

அவர் சிரித்தார். "உயிரோட இருந்தப்பவே குடிச்சா பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கேட்டார்:

"உனக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொட்டிலைக் காட்டினேன். நல்ல காலணியோடு கன்றுகளுக்கிடையே நடந்துபோய் கரி படிந்த கல்லைத் தொட்டார். அப்பா பால் வாளியோடு வாசலிலேயே நின்று, நிலம் சட்டப்படி எங்களுடையது என்று தொடங்கினார்.

"உங்க நிலம் எனக்கு எதுக்குங்க? இந்த டின்னுக்கு இடம் கொடுங்க, போதும்."

காலி டின்தான். மூலைகளில் கொஞ்சம் தூசு ஒட்டியிருந்தது. அதை அடுப்பு மாடத்தில் வைத்தார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

முதல் பேருந்திலேயே கிளம்பிவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்து விடைபெற்றார். என்னிடம், "வரேன், ஈட்டா" என்றார். டீச்சரம்மா இல்லை. ஈட்டா.

நாள் முழுக்க எந்தப் புத்தகமும் ஓடவில்லை.

சாயங்காலம் அப்பாவோடு கன்றுகளுக்குப் பால் கொடுக்கப் போனேன். டின்னில் இந்நேரம் ஆணி போட்டுவைத்திருப்பார் என்று நினைத்தேன். அது மாடத்திலேயே இருந்தது. சுற்றியிருந்த ஒட்டடையை யாரோ துடைத்திருந்தார்கள். ஒரு கன்று அதை நக்கப் போக, அப்பா அதன் மூக்கை மெல்லத் தள்ளிவிட்டார். வேலை முடிந்ததும் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"தூங்குப்பா, டேனி" என்று சொல்லி விளக்கை அணைத்தார்.