உன் வாசலில் நின்ற வரி

இன்று சிதம்பரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், என் காலடியில் இருந்த பையைப் பார்த்ததும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். விற்றது போக மிஞ்சிய நெத்திலிக் கருவாடு அதில் இருந்தது. எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. "மூக்க மூடுறவ வூட்லதாண்டி இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு" என்பாய். அதே மாதிரி, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவள் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "நெத்திலி மிச்சம் இருக்குதாக்கா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன். அங்கே நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகள்களாக வந்தவர்கள் நாம். அடுத்தடுத்த வீடு, ஒரே வியாபாரம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை ஏறாத, ஈரம் தங்காத மேடு ஒன்றுதான் உண்டு. அதில் நெத்திலியைக் காயப்போட்டு, பொறுக்கி, பஸ் ஏறி சிதம்பரத்தில் விற்றோம். உன் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்த பிறகு உன் வீட்டில் உலை கொதித்ததும், உன் மகள் பள்ளிக்கூடம் போனதும் அந்த மேட்டை நம்பித்தான்.

அந்த மேட்டை ஐஸ் லாரி நிறுத்தக் கொடுத்துவிடலாம் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. நம் ஊர் வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். வீட்டுக்கு ஓர் ஆண் கோயில் வரி கட்டுவான். கட்டியவன்தான் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம். ஆண் இல்லாத வீட்டில் வரி கேட்க மாட்டார்கள். உன் வீட்டைத் தாண்டிப் போவார்கள். அதை இரக்கம் என்றே நானும் நினைத்தேன்.

"எங்க வூட்டுக்காரரு பேசுவாரு, கவலப்படாத" என்று உனக்குத் தைரியம் சொல்லி அவரை அனுப்பினேன். மனுஷன் திரும்பி வந்து, "பேச்சு வந்துச்சி. நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். அடுத்த கூட்டத்துல முடிவு சொல்றாங்களாம்" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும் உன் முகம் மாறியது.

"அவுரு தூங்கறதுக்கு அங்க ஒரு எடம் இருக்குது. நான் முழிச்சிக்கினு இருக்கறதுக்கு எடம் இல்ல, பாரு" என்றாய்.

மறுநாள் நீ குளித்து, புடவை மாற்றிக்கொண்டு நேரே கோயிலுக்கு நடந்தாய். பின்னாலேயே நானும் ஓடி வந்தேன். வரித் தட்டில் நீ பணத்தை வைத்ததும் நாட்டார் பதறிப் போனார். ஊர்த்தலைவர்தான், ஆனாலும் மனதில் கள்ளமில்லாதவர்.

"உன்ன யாரும்மா கேட்டது? ஆம்பள இல்லாத வூடு. எடுத்துக்கினு போ."

"மாமா, கூடைய நான்தான சொமக்குறேன். வரியையும் நானே கட்டுறேன்."

"ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"இருக்கட்டும் மாமா. திருவிழாவுல சாமி எங்க வூட்டு வாசல்லயும்தான நிக்குது? வரி வாங்காத வூட்ல சாமி மட்டும் எதுக்கு நிக்கணும்?"

நாட்டார் சன்னதியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். கடைசியில் அவர் விபூதியை எடுத்து உன் கையில் கொடுத்தார். பணம் தட்டிலேயே இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் நீ ஒருத்தி. நான் மதிலுக்கு வெளியே நின்று கேட்டேன். உன் குரல் முதலில் நடுங்கியது. "லாரிக்குச் சக்கரம் இருக்குது, எங்க வேணா நிக்கும். நெத்திலிக்கு அந்த மேட்ட வுட்டா வேற எடம் கெடயாது" என்றாய். லாரி நிறுத்தத் தெற்கே வேறு இடம் கொடுத்தார்கள். மேடு நம்மிடமே நின்றது. அதற்குப் பிறகு ஆண் இல்லாத மற்ற வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராகத் தட்டைத் தேடிப் போனார்கள். எனக்குத்தான் வழியில்லை. எனக்கு வீட்டுக்காரர் இருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வாய்.

ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும், "மேட்டுல இன்னிக்கு வெயில் எப்படி?" என்றுதான் கேட்டாய். நல்ல வெயில் என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. உன் மேல் எனக்குக் கோபமும் உண்டு. பேசுவதற்கு வேறு ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டாவது போயிருக்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கி நம் தெருவுக்குள் வந்தால், கோயில் வரிக்காரர் உன் வாசலில் நிற்கிறார். பழக்கத்தில் உன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். புருஷனைப் பிரிந்து வந்து உன் வீட்டில் இருக்கும் உன் மகள் வெளியே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தாள். தன் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். குரல் அப்படியே உன்னுடையது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த மேட்டில் இப்போது சிமெண்டுத் தரை போட்டு வண்டி நிறுத்தப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அதுதான் பேச்சு.

வரிக்காரர் அடுத்த வாசலுக்கு வந்தார். அது என் வாசல். "வூட்டுக்காரரு இல்லயாம்மா?" என்று கேட்டார். உள்ளே என் வீட்டுக்காரர் சட்டையைத் தேடும் சத்தம் கேட்டது. கருவாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, நான் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தேன்.

"இருக்காரு. வரிய என் பேர்ல வாங்கிக்கங்க" என்றேன்.