அலமாரியில் ஒளித்த புத்தகங்கள்

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். உங்களை எழுப்பினால் சண்டைதான் வரும், அதனால் எழுதி வைக்கிறேன்.

குடை தேடி உங்கள் அலமாரியைத் திறந்தேன். எனக்குத் தெரியாமல் பாப்பாவுக்கு ஏழாம் வகுப்புப் புத்தகம் மொத்தமும் வாங்கி, அட்டை போட்டு வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் வந்து நின்று, "புத்தகத்துக்கெல்லாம் காலம் போயிடுச்சு டீச்சர்"னு பல்லைக் காட்டி டேப்லெட் விற்றது நீங்கள்தானே? அதை நம்பிப் பள்ளியில் புத்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். இப்போது டேப்லெட்டில் பாதி ஆன் ஆவதே இல்லை. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கறுப்புத் திரையில் தங்கள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்ம பிள்ளைக்கு மட்டும் புத்தகம், ஊரார் பிள்ளை எப்படிப் போனால் என்ன, அப்படித்தானே?

அந்தப் புத்தகம் அத்தனையையும் என் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு. புத்தகம் எங்கே என்று பாப்பா கேட்பாள். காலம் போயிடுச்சுன்னு அவளிடமும் அதே பல்லைக் காட்டிச் சொல்லுங்கள்.