மூன்றரை நிமிடத்துக்குள் அம்மாவின் குரல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். எண்ணூர்ப் பக்கக் காற்று, அனல்மின் நிலையச் சாம்பலோடு. கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் நிறம். மறுபடி துவைத்தாச்சு.

கண்டெய்னர் யார்டு ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம், ஒரு எஃப்.எம்.மிலிருந்து போன். எங்கள் பேண்டின் பாட்டு ஞாயிறு காலை நிகழ்ச்சியில் வருகிறதாம். எத்தனை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருப்போம். ஒரு பதிலும் வந்ததில்லை. அதற்கப்புறம் எண்களைத் தப்பாக அடித்து மேனேஜரிடம் திட்டு. உறைக்கவே இல்லை.

சாயங்காலம் பேண்டில் கிடார் வாசிக்கும் தேவாவிடம் சொன்னேன். கிடாரை மடியிலிருந்து இறக்காமலே, "மெய்யாலுமா?" டிரம்ஸ் சலீம் சாத்தாங்காட்டு இரும்புக் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தான், கையெல்லாம் துரு. "ராக்கா, கானாவா, கவ்வாலியான்னு கேட்டாங்களா?" கேட்டார்கள். எல்லாம்தான் என்றேன்.

பாட்டின் நடுவில் அம்மா காசிமேட்டில் மீன் கூவி விற்கும் குரல் இருக்கிறது. போன வருஷம் போனில் பதிந்தது. ராத்திரி அவளிடம் சொன்னேன். "அப்ப நான் ரேடியோல வர்றேனா?" ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 9, புதன்

வாங்க: பேஸ் கிடார் கம்பி, அம்மா முழங்காலுக்குத் தைலம், கொசுவத்தி.

ஸ்டேஷனிலிருந்து மறுபடி போன். ஐந்து நிமிடப் பாட்டு போட முடியாது, மூன்றரைக்குள் வேண்டும். "நடுவுல ஒரு லேடி மீன் விக்கிறாங்க இல்ல, அதையும் கொஞ்சம் மியூசிக்கையும் எடுத்துட்டா சரியா வரும்." நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்தால், அம்மா மார்க்கெட் பூராவும் சொல்லியாச்சு. "ஐஸ் வண்டிக்காரன் ஸ்பீக்கர்ல வுடுறேன்னுக்கீறான் ஸ்டெல்லா." மத்தி வறுவல். பாதிச் சோற்றை மூடி வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

சின்ன மழை. தண்டையார்பேட்டை குடோன் மாடியில் ரிகர்சல். வாசித்ததைவிடச் சண்டைதான் அதிகம்.

சலீம்: "அம்மா குரல எடுத்துட்டா அது நம்ம பாட்டே இல்ல. வோணாம்னு சொல்லிடு."

வேண்டாம் என்றால் பாட்டே வராது, அம்மாவும் வரமாட்டாள் என்றேன்.

டீ ஆறிப்போனது. கடைசியில் தேவா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். பாட்டின் முடிவில் அவன் கிடார் மட்டும் தனியாக வரும், ஒன்றரை நிமிடம். வியாசர்பாடி வீட்டில் இடமில்லாமல், மொட்டை மாடியில் மாதக்கணக்கில் பழகியது. பாட்டிலேயே அதுதான் அழகு. அதைப் பிடித்தான், வெட்டினான்.

"டேய், இன்னாடா பண்ற?" என்றான் சலீம்.

"மூணரைக்குள்ள வந்துச்சா பாரு."

வந்திருந்தது.

"வுடு மாமு. அம்மா ஊரு பூரா சொல்லிட்டாங்க."

படியிறங்கும்போது தேவாவின் தோளில் கை வைத்தேன். அவன் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

ஜூலை 11, வெள்ளி

அனுப்பியாச்சு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். நன்றாகத் தூங்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் மூவரும் காசிமேட்டில். சேறு, கூட்டம், இதமான காற்று.

நிகழ்ச்சி நடத்தும் பெண் எங்கள் பேண்டை "மூன்றாவது கிரேன்" என்றாள். 'மூணாவது' என்றுதான் எழுதிக் கொடுத்தோம். சலீம்: "நம்மள இஸ்கூல்ல சேத்துட்டாங்க."

பாட்டு. என் பேஸில் ஐஸ் வண்டித் தகரம் அதிர்ந்தது. பிறகு அம்மா: "கண்ணப் பாரு, செவுளப் பாரு..." பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். அம்மா திரும்பவில்லை, சங்கரா நிறுத்துக்கொண்டிருந்தாள். வாங்க வந்த பெண், "அது நீதான?" என்றாள்.

"ஆமா. அறுத்துத் தரணுமா?"

பாட்டு முடிந்து நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. தேவாவின் விரல்கள் மட்டும் மீன்பெட்டி விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா அது?"

"ஒண்ணுமில்லம்மா."

நான் சொன்னேன், அவன் வெட்டியதை. அம்மா கையை முந்தானையில் துடைத்தாள்.

"இப்ப வாசி."

"ஆம்ப் இல்லம்மா, சத்தம் வராது."

"எனக்கு மட்டும் இங்க மைக்கா குட்த்துக்கீறாங்க? வாசிடா."

சலீம் வண்டியிலிருந்து கிடாரைக் கொண்டு வந்தான். தேவா வாசித்தது அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும். அம்மா குனிந்து, காதைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வஞ்சிரம் கேட்டு வந்த ஆளைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருய்யா, பாட்டு முடியட்டும்."