புளியங்கொட்டை ஓட்டு

மே 3, 1946

காலையிலேயே அனல். திருச்சுழிப் பக்கக் காற்றில் வீடெல்லாம் கரிசல் புழுதி. கோர்ட்டில் இரண்டு வாய்தா. மண்ணெண்ணெய் வாங்க மறந்து மனைவியிடம் ஏச்சு.

சாயங்காலம் டாக்டர் நாகராஜன் வந்தான். எங்கள் நெசவாளர் தெருக்காரன். வந்ததும் வீட்டுத் தெலுங்கில் ஆரம்பித்தான். குமாஸ்தா இருந்ததால் நான் தமிழில் பதில் சொன்னேன். அவனும் மாறிக்கொண்டான். எங்கள் கிளப்பில் சேர மனுப் போட்டிருக்கிறானாம்.

"மில்லு ஆஸ்பத்திரிக்கு எந்த டாக்டருன்னு கிளப்புலதானண்ணே முடிவு பண்றாக. உள்ள நுழைஞ்சாத்தான் கேக்கவே முடியும். நீங்க இருக்கீக, அது போதும்."

மே 5

கிளப்பு. சீட்டாட்டம். செக்கரட்டரி, பஞ்சாலை முதலாளி, சொன்னார்: "டாக்டரும் வக்கீல் சார் தெருவாமே. இனிமே தெலுங்குலயே சீட்டாடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும். சீ.

என்னைச் சேர்க்கவே மூன்று வருஷம் இழுத்தடித்தார்கள். இவனும் வந்தால் நான் வக்கீல் இல்லை, தறிக்காரன் இரண்டு பேரில் ஒருத்தன்.

மே 8

ஓட்டு. துணிப் பைக்குள் கையை விட்டுச் சோழி போட்டால் சம்மதம், புளியங்கொட்டை போட்டால் ஆகாது. ஒரு கொட்டை விழுந்தாலும் மனு தள்ளுபடி. யார் போட்டது என்று தெரியாது.

எப்படியும் நாலைந்து கொட்டை விழும், அதில் என்னுடையதும் ஒன்று, அவ்வளவுதானே என்று போட்டுவிட்டேன். எழுதக் கை கூசுகிறது.

பையை மேஜையில் கவிழ்த்தார்கள். பதினொரு சோழி. ஒரே ஒரு புளியங்கொட்டை.

மே 9

தலைவலி. மோர் மட்டும்.

டாக்டர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "எந்தப் பாவி போட்டானோ. போகட்டும்ணே. நீங்க எனக்காகப் பேசியிருப்பீக, தெரியும்." இனித் தெருவில் தலைகாட்ட முடியாதென்று காரியாபட்டியில் வீடு பார்க்கிறானாம். மகனுக்கு மில்லு வேலை என்று அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

"என்ன செய்றது தம்பி" என்றேன். என் நாக்கு அழுகிப் போகாதா.

மே 11

கிளப்பு வாசலையே மிதிக்கக் கூடாது என்றிருந்தேன். போனேன்.

செக்கரட்டரி தோளில் கை போட்டார். இத்தனை நாளில் முதல் தடவை. "நம்ம கையில எதுக்குப் பாவம்னு நாங்க எல்லாருமே சோழிதான் போட்டோம் சார். நீங்க இருக்கீகள்ல. பாத்துக்கிடுவீகன்னு தெரியும்."

பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.