வேண்டாம் என்று எழுதிய கடிதம்

12.2.1992, புதன்

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நானும் மகன் சீனிவாசனும் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றோம். அவனோடு எம்.பி.ஏ. படித்த வன்னியம்பட்டிப் பையன் எதிரே வந்தான். இப்போது நூல் மில்லில் சூப்பர்வைசராம்.

"ஏலே சீனி, மேனேஜர் நாற்காலின்னாத்தான் உக்காருவியோ? நான் பாக்குற இந்த வேலை மொதல்ல ஒனக்குத்தான் வந்துச்சாம். வேண்டாம்னு எழுதிட்டியாமே!"

சீனி சிரித்தான். "எனக்கு லெட்டரே வரலியேடே."

வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். அவனிடம் நான் சொல்லவில்லை. எம்.பி.ஏ. படித்தவன் மூன்று ஷிப்டிலும் பஞ்சுத்தூசி தின்ன வேண்டுமா? நானே அவன் பெயரைப் போட்டு மறுத்து எழுதினேன். அது தவறு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மில்கள் ஷிப்டைக் குறைக்கும், புதிதாக ஆளே எடுக்காது என்று அன்றைக்கு எவன் சொன்னான்?

பஸ் இறங்கி வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் சொன்னான். "யாரோ வெளையாடியிருக்காவ யப்பா. காலையில மில் ஆபீஸுக்குப் போயி அந்த லெட்டரக் காட்டச் சொல்லப் போறேன்."

"அதெல்லாம் காட்ட மாட்டாவ."

"பாக்காம வர மாட்டேன்."

சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டுப் படுத்திருக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் நோட்டு அட்டைகளில் பெயர் எழுதிக் கொடுத்தவன் நான். கடிதத்தின் அடியில் இருப்பதும் அந்தப் பெயர்தான், அதே எழுத்தில்.